கதையின் முதல் பக்கம் தகராறு செய்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யலாம்

மனதில் கதை முழுசாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் முதல் பக்கம் மட்டும் வர மறுக்கிறது. அல்லது வந்துவிடுகிறது, ஆனால் படிக்கக் கொடுத்தவர் "அப்புறம் படிக்கிறேன்" என்று வைத்துவிடுகிறார். சென்னையில் நாங்கள் நடத்தும் வாசிப்புக் கூட்டத்துக்கு வரும் கைப்பிரதிகளை முதலில் படிப்பது என் வேலை. நல்ல கதையும் நல்ல மொழியும் இருந்தும், தொடங்கிய இடம் சரியில்லாததால் யாரும் கடைசிவரை படிக்காமல் போகும் பிரதிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. கொஞ்சம் நகர்த்தினால் எழுந்து நின்றுவிடும் கதைகள் அவை.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதற்கு நேராகப் போகலாம். அதற்கு முன்னால் ஒரு சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

முதல் சோதனை

ஒரு தாளில் இதற்குப் பதில் எழுதுங்கள்: கதை தொடங்கும் நாளில், அந்த நாள் முடிவதற்குள், யாருக்கு என்ன காரியம் ஆகியாக வேண்டும்? ஆகாவிட்டால் அவருக்கு எது கைவிட்டுப் போகும்?

"அவளுக்கு மரியாதை வேண்டும்", "அவனுக்கு அப்பாவின் அன்பு வேண்டும்" என்று எழுதினால் போதாது. அதெல்லாம் கதை முழுக்க ஓடும் ஏக்கம். அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காட்சியைத் தொடங்க முடியாது. "அடகுக் கடையில் வளையல் முழுகிப் போகாமல் இருக்க, சாயங்காலம் கடை மூடுவதற்குள் வட்டி கட்ட வேண்டும், கையில் பாதிப் பணம்தான் இருக்கிறது." இதை வைத்துத் தொடங்கலாம். வளையல் அம்மா போட்டதாக இருந்தால் மரியாதையும் அன்பும் அந்த ஒரு காரியத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஏக்கம் எவ்வளவு பெரியதாகவும் இருக்கட்டும்; அது சின்னக் காரியம் ஒன்றுக்குள் புகுந்துகொண்டு வரும்போதுதான் படிப்பவர் கண்ணுக்குத் தெரிகிறது.

தாளில் பதில் வரவே இல்லையா? அப்படியானால் வாக்கியங்களைத் திருத்திப் பயனில்லை. கதை இன்னும் பாதிதான் யோசிக்கப்பட்டிருக்கிறது. ஆளைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: மழையில் தொடங்குகிறது, விடியலில் தொடங்குகிறது, அலாரத்தில் தொடங்குகிறது

"மணி ஐந்து. சென்னை மாநகரம் மெல்லக் கண்விழித்துக்கொண்டிருந்தது." இப்படித் தொடங்கும் கதைகள் நிறைய வருகின்றன. பால் பாக்கெட், வாசலில் கோலம், பக்கத்து வீட்டு மிக்ஸி, கண்ணாடியில் முகம் பார்ப்பது என்று ஒரு பக்கம் ஓடிவிடும். எழுதுபவர் கதைக்குள் நுழைய எடுத்துக்கொண்ட நேரம் அது. எழுதும்போது அவருக்குத் தேவைப்பட்டது. படிப்பவருக்குத் தேவையில்லை.

சிலர் கம்பனைக் காட்டி வாதாடுவார்கள். ஆற்றுப் படலம், நாட்டுப் படலம், நகரப் படலம் எல்லாம் முடிந்த பிறகுதானே தசரதனே வருகிறான் என்பார்கள். உண்மைதான். கம்பனுக்கு முன்னால் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களுக்கான இடம் கிடந்தது. சரயு பெருகி வருவதை நின்று பார்க்க அவனுக்கும் பொழுது இருந்தது, கேட்டவர்களுக்கும் பொழுது இருந்தது. உங்களிடம் இருப்பது எட்டுப் பக்கம்.

சரிசெய்வது சுலபம். பேனாவை எடுத்து, யாராவது ஒருவர் ஒன்றைக் கேட்கிற, மறுக்கிற, அல்லது மறைக்கிற முதல் வாக்கியத்தை அடிக்கோடிடுங்கள். அதற்கு மேலே இருப்பதைக் கையால் மூடிக்கொண்டு அங்கிருந்து படியுங்கள். பெரும்பாலும் எதுவுமே குறையாது. மூடிய பகுதியில் ஒன்றிரண்டு விவரம் நிஜமாகவே வேண்டுமென்றால் அதைக் கீழே காட்சிக்குள் கொண்டுவந்துவிடலாம்.

மழையேதான் கதை என்றால்? 2015 டிசம்பர் 1 ராத்திரி, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரைமீறி ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததே, அந்த ராத்திரியை எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். "வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது" என்று தொடங்கினால் அது எல்லோருடைய மழை. இப்படி யோசித்துப் பாருங்கள்: கரண்ட் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்து, தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். மூன்றாம் படி முழுகிவிட்டது. மாடிவீட்டுக்காரரோடு போன மாசம்தான் மோட்டார் போடுவதில் பெரிய சண்டை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நாலாம் படி முழுகுவதற்குள் அந்தக் கதவைத் தட்டியாக வேண்டும். அங்கே தொடங்குங்கள். வானத்தைப் பற்றி ஒரு வரிகூட வேண்டியிருக்காது.

அறிகுறி: முதல் பக்கத்திலேயே மூன்று தலைமுறை வந்துவிடுகிறது

"சுந்தரத்தின் தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து மதராசுக்கு வந்தபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டிதான் இருந்தது. அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர்..." என்று போய்க்கொண்டே இருக்கும். சுந்தரம் மூன்றாம் பக்கத்தில்தான் வருவான்.

இதற்குக் காரணம் பயம். முன்கதை தெரியாவிட்டால் படிப்பவருக்குப் புரியாது என்ற பயம். இந்தப் பயம் தமிழில் எழுதுகிறவருக்கு வரவே கூடாது. குறுந்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு பொதுவாக நாலடியிலிருந்து எட்டடிக்குள் முடிந்துவிடும். தலைவனுக்குப் பேர் கிடையாது, தலைவிக்குப் பேர் கிடையாது, எங்கே எப்போது சந்தித்தார்கள் என்ற விவரம் கிடையாது. எடுத்த எடுப்பில் ஒருத்தி தோழியிடம் பேச ஆரம்பித்துவிடுகிறாள். அவள் குரலில் இருக்கிற தவிப்பிலிருந்தே நடந்தது என்ன, நடக்காமல் போனது என்ன என்று கேட்பவர் கட்டிக்கொள்கிறார். இப்படிக் கேட்டுப் பழகிய மொழியில்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். உங்கள் வாசகரை நம்பலாம்.

முன்கதையை அழிக்க வேண்டியதில்லை. துண்டு துண்டாக வெட்டி வையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கேள்வி: கதைக்குள் இருக்கிற யாருக்கு, எந்த நேரத்தில் இந்த விவரம் தேவைப்படுகிறது? பட்டாவில் தாத்தா பேர் தப்பாக இருக்கிறது என்று தாலுகா ஆபீசில் சுந்தரத்தைத் திருப்பி அனுப்பும்போது தாத்தா எந்த ஊர், எப்போது வந்தார் என்பது சுந்தரத்துக்கே அவசரமாகத் தேவைப்படும். அங்கே சொன்னால் வாசகர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். யாருக்கும் எப்போதும் தேவைப்படாத துண்டுகள் உங்களிடமே இருக்கட்டும். அவை வீண் இல்லை. ஆள் உங்களுக்குப் புரிவதற்கு உதவியிருக்கின்றன.

அறிகுறி: நாலைந்து இடங்கள் தோன்றுகின்றன, எதில் தொடங்குவது என்று தெரியவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஒரு கதையையே எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்துவிடலாம்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு கிரவுண்டு மனையில் பழைய தனி வீடு. அப்பா காலமாகிவிட்டார். அம்மா, சின்ன மகனோடும் மருமகள் வசந்தியோடும் அங்கேயே இருக்கிறாள். பெரிய மகன் பாஸ்கர் துபாயில். வீட்டை இடித்து ஃபிளாட் கட்ட பில்டரிடம் பேசி முடித்தாயிற்று. பத்திரப் பதிவுக்கு நாளைக் காலை டோக்கன். மூலப் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் பில்டர் பணத்தை எடுக்க மாட்டார். அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை, ஆனால் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. பத்திரத்தை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டாள். அவள் எடுத்ததை வசந்தி பார்த்துவிட்டாள்.

அப்பா 1974ல் கடன் வாங்கி மனை வாங்கியதில் தொடங்கலாம். அது அப்பாவின் கதை. அவரைப் பற்றி நாவல் எழுதினால் அருமையான இடம். இந்தக் கதையில் அவர் உயிரோடு இல்லை. அவர் வாங்கியதற்கும் இன்றைக்கும் நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் தாண்ட வேண்டியிருக்கும். தாண்டினால் மூச்சு வாங்கும்.

அப்பாவின் சாவில் தொடங்கலாம் என்று பலருக்குத் தோன்றும். சாவு வீட்டில் எல்லோரும் கூடியிருப்பார்கள், எல்லோரையும் அறிமுகப்படுத்திவிடலாம் என்பது கணக்கு. நான் இதற்கு எப்போதும் தடை சொல்வேன். பார்த்தே இராத மனிதருக்காக வாசகர் எப்படி அழுவார்? அதோடு ஒரே நேரத்தில் பத்துப் பேர் வந்து நின்றால் ஒருவர் முகமும் மனதில் பதியாது.

பாஸ்கர் மீனம்பாக்கத்தில் இறங்கி, டாக்ஸி பிடித்து, கத்திப்பாரா தாண்டி, வழியெல்லாம் பழசை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது இன்னொரு வழி. இதில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஆள் இங்கேயிருந்து அங்கே போகிறார், அவ்வளவுதான். டாக்ஸியில் வரும் நினைவுகள் முன்கதையைத் திணிக்க ஒரு சாக்கு.

பதிவு அலுவலகத்தில், அதிகாரி முன்னால், அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்கிற இடம்? உச்சம் அதுதான். அங்கே தொடங்கினால் மீதிக் கதை முழுக்க "இது எப்படி நடந்தது" என்று பின்னால் போய் விளக்க வேண்டிவரும். அம்மா மறுத்த பிறகு அந்தக் குடும்பம் என்ன ஆனது என்பதுதான் உங்கள் கதை என்றால் மட்டும் அது சரியான தொடக்கம். அப்படியும் ஒரு கதை இதற்குள் இருக்கிறது. எது உங்களுடையது என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

மிஞ்சுவது, பதிவுக்கு முந்தின ராத்திரி. பீரோவில் பத்திரம் இல்லை. இந்த இடத்தை இரண்டு கேள்வி கேட்டுச் சோதியுங்கள். முன்னால் நடந்ததைச் சொல்லாமலே இந்தக் காட்சி புரியுமா? புரியும், எதையோ தேடுகிறார்கள், கிடைக்கவில்லை, விடிந்தால் வேண்டும். இதற்குப் பிறகு இந்த வீட்டில் யாராவது பழையபடி இருக்க முடியுமா? முடியாது. இரண்டுக்கும் சரியான பதில் வருகிற இடம் கிடைத்தால் மேற்கொண்டு தேட வேண்டாம்.

அடுத்தது, யார் கண் வழியாகப் பார்ப்பது. பாஸ்கருக்கு ஒன்றும் தெரியாது. அவர் தேடுவார், கத்துவார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அவள் மனசுக்குள் போனால் ரகசியம் முதல் பக்கத்திலேயே உடைந்துவிடும். வசந்திக்குத்தான் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. சொன்னால் மாமியாரைக் காட்டிக்கொடுத்தது ஆகும். சொல்லாவிட்டால் நாளைக்குப் புருஷன் முகத்தில் எப்படி விழிப்பாள்? அன்றைக்கு யாருக்கு நெருக்கடி அதிகமோ அவர் பக்கத்தில் போய் நிற்பது பெரும்பாலும் பலன் தரும்.

எந்த நிமிஷம் என்பதையும் பார்க்க வேண்டும். பீரோவைத் திறப்பதற்கு முன்னாலா, பின்னாலா? "சாவி எங்கே" என்பதிலிருந்து ஆரம்பித்தால் அரைப் பக்கம் போய்விடும். தேடி முடிக்கிற நேரத்தில் உள்ளே நுழையலாம்:

"பீரோவில் இருந்த புடவைகள் மொத்தமும் கட்டிலுக்கு வந்துவிட்டன. பச்சை ஃபைல் மட்டும் வரவில்லை.

'பத்து மணிக்கு டோக்கன். பில்டர் ஆளு ஒம்போதுக்கே வந்து நிப்பான்' என்று பாஸ்கர் பொதுவாகச் சொன்னார். அப்புறம் சமையலறை வாசலுக்கு வந்து, 'வசந்தி, நீ பாத்தியாம்மா?' என்றார்.

வசந்தி அடுப்பைச் சிம்மில் வைத்தாள். ஹாலில் அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

'இல்ல மாமா' என்றாள் வசந்தி."

மூலப் பத்திரம் என்ற சொல்லே இதில் இல்லை. வீடு, பில்டர், துபாய், அப்பா எதையும் விளக்கவில்லை. ஆனால் ஒரு பொய் சொல்லியாயிற்று. அந்தப் பொய்யோடு வசந்தி அம்மா பக்கம் சேர்ந்துவிட்டாள், அவளே இன்னும் முடிவு பண்ணாதபோது. இனி இந்தக் கதை நின்றுபோகாது. மொச்சை எதற்கு என்று ஒருவர் கேட்டார். கைக்கு வேலை இருக்கிற ஆள்தான் திரும்பாமல் இருக்க முடியும். சும்மா உட்கார்ந்திருந்தால் திரும்பாதது வேஷமாகத் தெரிந்துவிடும்.

அறிகுறி: பேச்சில் தொடங்கினேன், யார் யாரென்று யாருக்கும் புரியவில்லை

பேச்சில் தொடங்குவது நல்ல வழிதான். ஐந்தாறு வரி போன பிறகும் பேசுவது அண்ணன் தங்கையா, புருஷன் பெண்டாட்டியா என்று தெரியாவிட்டால்தான் சிக்கல். உடனே "என்றாள் அவனுடைய தங்கையும் கல்லூரி மாணவியுமான கீதா" என்று எழுதிப் பூசி மெழுகுவார்கள். தமிழில் அதற்கு அவசியமே இல்லை. "அண்ணி, சாவி எங்க?" என்ற மூன்று வார்த்தையில் பேசுபவர் யார், கேட்பவர் யார், ஒரே வீட்டில் இருக்கிறார்களா என்பதெல்லாம் வந்துவிடுகிறது. "கிளம்புங்க", "கிளம்பு", "கிளம்புடா" மூன்றும் மூன்று உறவு. நேற்றுவரை "நீங்க" என்றவள் இன்றைக்கு "நீ" என்றால் அதுவே ஒரு சம்பவம். அதில் ஒரு கதையைத் தொடங்கலாம்.

கதை சொல்லும் குரலிலும் இந்தக் கணக்கு உண்டு. மேலே நான் "அத்தை உரித்துக்கொண்டிருந்தாள்" என்று எழுதியிருக்கிறேன். "உரித்துக்கொண்டிருந்தார்" என்று எழுதியிருந்தால் வசந்திக்கும் மாமியாருக்கும் நடுவில் இன்னும் இரண்டு அடி தூரம் கூடியிருக்கும். எது உங்கள் கதைக்குப் பொருந்தும் என்று முதல் பக்கத்திலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். நடுவில் மாறினால் வாசகருக்குக் காரணம் தெரியாமலே உறுத்தும்.

சென்னைப் பேச்சு எழுதும்போது ஒரு எச்சரிக்கை. வடசென்னை என்றாலே எல்லோர் வாயிலும் "இன்னா நைனா" வைத்துவிடுகிறார்கள். ஒரே தெருவில் மீன் விற்கிற அக்கா ஒருமாதிரி பேசுவார், ரிட்டயர்டு ஆன ஆசிரியர் ஒருமாதிரி பேசுவார், ஐடி கம்பெனிக்குப் போகிற அவர் பெண் ஒருமாதிரி பேசுவாள். அந்த ஆளுக்கே உரிய ஒன்றிரண்டு சொல் போதும். எல்லாச் சொல்லையும் கொச்சையாக எழுதினால் மனிதர் மறைந்து வேடிக்கைப் பேச்சு மட்டும் மிஞ்சும். அந்த மனிதர்களுக்கு அது அநியாயம்.

அறிகுறி: கதை சென்னையில் நடக்கிறது, ஆனால் சென்னை தெரியவில்லை

சென்ட்ரல், மெரினா, எல்ஐசி கட்டடம் என்று பேர்களை அடுக்கியிருப்பார்கள். பேரை மாற்றினால் கதையை மதுரைக்கோ கோவைக்கோ தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

புதுமைப்பித்தனின் "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கும் மூலையில் கந்தசாமிப் பிள்ளை நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். டிராமில் போனால் வெற்றிலை பாக்குக்குக் காசு மிஞ்சும். பஸ்ஸில் போனால் வேறு கணக்கு, அரை கப் காப்பி கிடைக்கும், வெற்றிலை கிடைக்காது. சென்னையில் டிராம் 1953லேயே நின்றுவிட்டது. இன்றைக்குப் படித்தாலும் அந்த மூலையில் நாம் நிற்கிறோம். ஊர் அந்த மனிதருடைய கணக்குக்குள் வந்துவிட்டதுதான் காரணம்.

உங்கள் ஆள் என்ன கணக்குப் போடுவார்? 2019 கோடையில் நடக்கும் கதை என்றால் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், ஒரு வீட்டுக்கு எத்தனை குடம், வேலைக்கு லேட்டாகப் போனால் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது கணக்கு. லாரி சத்தம் கேட்கிறது, குழந்தை தூங்குகிறது, தனியாக விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா வேண்டாமா? இதற்கு மேல் அந்த வருஷத்துச் சென்னையைப் பற்றி முதல் பக்கத்தில் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவதில் தொடங்குபவர்கள் வருஷத்தை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் வந்தவர் பாரிமுனைப் பக்கம் இறங்கியிருப்பார். கோயம்பேடு பேருந்து நிலையம் 2002 நவம்பரில்தான் திறந்தது. கிளாம்பாக்கம் 2023 டிசம்பர் கடைசியில் வந்தது. அதற்குப் பிறகு தென்மாவட்டத்திலிருந்து வருகிறவர் ஊருக்கு வெளியே இறங்கி, இன்னொரு பஸ்ஸைத் தேட வேண்டும். 1996க்கு முந்தின கதையில் அரசாங்கக் கடிதத்தில் இங்கிலீஷில் சென்னை என்று இருக்காது, மெட்ராஸ் என்றுதான் இருக்கும். இதெல்லாம் சரியாக இருந்தாலும், வந்து இறங்குவது மட்டும் தொடக்கம் ஆகிவிடாது. ஹவுஸ் ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேட்கிறார், கையில் நாலு மாசத்துக்குத்தான் இருக்கிறது, பெட்டி வாசலில் இருக்கிறது. அங்கே போய் நில்லுங்கள்.

அறிகுறி: முதல் வரி பிரமாதம், இரண்டாவது பத்தி தூங்குகிறது

"அன்று காலை நான் செத்துப்போனேன்" மாதிரி ஒரு வரியை எழுதிவிட்டு, அடுத்து இட்லி சாப்பிட்டதைச் சொல்வது. வரி ஒரு கதைக்கு வாக்குக் கொடுத்துவிட்டது, உங்களிடம் இருப்பது வேறு கதை. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அந்த வரியை எடுத்துத் தனியாக ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அது இன்னொரு கதைக்கு உரியது. கனவில் தொடங்கி "திடுக்கிட்டு விழித்தான்" என்று முடிவதும் இதே வகைதான். அந்தக் கனவு முழுசையும் நீக்கிவிட்டு, விழித்த பிறகு அவன் என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பாருங்கள்.

அறிகுறி: முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன், தாண்ட முடியவில்லை

இது உழைப்பாளிகளுக்கு வரும் நோவு. அவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். மாசக் கணக்கில் ஒரே அத்தியாயத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பார்கள். வாக்கியம் ஒவ்வொன்றும் மின்னும். கதை மட்டும் வாசலைத் தாண்டாது.

பெரும்பாலும் முடிவு தெரியாததுதான் இதற்குக் காரணம். எங்கே போய்ச் சேரப் போகிறோம் என்று தெரியாதபோது எங்கிருந்து கிளம்பினாலும் சந்தேகமாகத்தான் இருக்கும். பக்கத்தின் தலையில் "தொடக்கம் பிறகு" என்று எழுதிவிட்டு, கடைசிக் காட்சிக்குப் போங்கள். சுமாராக இருந்தால் போதும். பதிவு அலுவலகத்தில் அம்மா என்ன செய்தாள்? பையிலிருந்து தானே பத்திரத்தை எடுத்து மேஜையில் வைத்தாளா? கையெழுத்துப் போட மாட்டேன் என்றாளா? போட்டுவிட்டு யாரோடும் பேசாமல் தனியாக ஆட்டோ ஏறிப் போனாளா? மூன்றுக்கும் மூன்று தொடக்கம் தேவை. அவளே எடுத்து வைக்கப்போகிறாள் என்றால், முதல் காட்சியில் வசந்தி சொன்ன பொய் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மொச்சை உரிக்கிற கை ஒரு நொடி நின்றிருக்க வேண்டும். அந்த ஒரு நொடியை முதல் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது கடைசிப் பக்கத்தை எழுதிய பிறகுதான் தெரியவரும்.

நாவல் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். முழுசாக ஒரு தடவை எழுதி முடித்துவிட்டு, முதல் அத்தியாயத்தை எடுத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பல நாவல்கள் அங்கேதான் தொடங்குகின்றன.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிற மாதிரித்தான் இருக்கிறது, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை

இனி தனியாக உட்கார்ந்து பார்ப்பதில் பலன் இல்லை. கதையைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே பேசியிராத ஒருவரிடம் முதல் இரண்டு பக்கத்தை மட்டும் கொடுங்கள். "எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார், நம் ஊரில் அதுதான் மரியாதை. "இப்போ உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு தோணுது?" என்று கேளுங்கள்.

"அந்த அம்மா பத்திரத்தை எங்க வெச்சிருக்காங்க?" என்றால் ஒன்றையும் தொட வேண்டாம். பத்திரம் என்ற சொல்லே இல்லாத பக்கத்தைப் படித்துவிட்டு அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். "வசந்தி அந்த வீட்டுப் பொண்ணா, மருமகளா?" என்று கேட்டால் "அத்தை" என்ற சொல் பின்னால் வந்திருக்கும், இரண்டு வரி முன்னால் கொண்டுவாருங்கள். "பில்டர் எவ்வளவு தர்றான்?" என்றால் அதுவும் நல்ல கேள்விதான், தொகையை இரண்டாம் பக்கத்தில் பாஸ்கர் வாயாலேயே சொல்லவைக்கலாம். ஒன்றுமே கேட்கத் தோன்றவில்லை என்றால் மேலே போய் முதல் சோதனையிலிருந்து மறுபடி பாருங்கள். ஒவ்வொருவரும் கேட்டதை உங்கள் பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தவருக்குக் கொடுக்கும்போது குறிப்பு எதுவும் இல்லாத புதுப் பிரதியைக் கொடுங்கள். முந்தினவர் என்ன கேட்டார் என்று இவருக்குத் தெரியவே கூடாது.